வெள்ளிக்கிழமை விருந்து

ஆரோக்கியம் நாற்பத்தொரு மணி நேரம் செத்துக் கிடந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் கண் விழித்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மிருதுளா குவளையை அவர் உதட்டருகே பிடித்தாள். இரண்டு மிடறு உள்ளே போனதும், அவளுக்குச் சம்பளம் எதற்காகத் தரப்படுகிறதோ அந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னாள்.

“நீங்க ஜெயிச்சீங்க. கடைசியில தலையில அடி பட்டுடுச்சு. அதனால வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது.”

வாக்கியங்களை எழுதித் தந்தவர் நிறுவனத்தின் மனநல ஆலோசகர். புன்னகையோடு சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மிருதுளாவுக்கு அதிகம் பழகாதவர்களிடம் சிரிக்க வராது. ஆனால் செத்துப் பிழைத்தவர்களுக்கு முதலில் தெரிகிற எந்த முகமும் சிரித்த முகமாகவே தெரிகிறது என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள்.

“மறுபடியும் மண்டையிலயா?” என்றார் ஆரோக்கியம். கட்டுப்போட்டிருந்த தலையைத் தடவிப் பார்த்தார். கட்டுக்கு அடியில் ஒரு கீறல்கூட இல்லை. “ஜெயிக்கிறதுக்கு இருக்குற அதிர்ஷ்டம் அதப் பாக்குறதுக்கு இல்ல டாக்டரம்மா.”

அவள் டாக்டர் இல்லை. உயிர்வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இதை இரண்டு முறை அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“ஞானவேலு எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கார்.”

“எழுப்பிட்டீங்களா?”

ஞானவேலு சாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சூலத்தை ஆரோக்கியத்தின் விலாவில் இறக்கிவிட்டு, அரங்கத்தை ஒரு சுற்று ஓடி, குளித்துவிட்டுச் சாப்பிடப் போனவன் அவன். மிருதுளா தலையை மட்டும் ஆட்டினாள்.

“பாவம். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டான்.”

அடுத்தது கேள்விகள். விழித்தவரின் நினைவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையிலிருந்து கேள்விகள் எடுத்திருந்தார்கள். பெயர் சொன்னார். ஊர் வீராம்பட்டினம் என்றார். மனைவி பிலோமினா. பெண்கள் இருவரின் பெயரையும் சொன்னார், இளையவள் பெயருக்குக் கொஞ்சம் யோசித்து. கடைசிக் கேள்வி, கடலில் அடிக்கும் காற்றுகளின் பெயர்.

முதல் முறை கேட்டபோது வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மளமளவென்று சொல்லிவிட்டு, அவற்றுக்கு இடையில் அடிக்கும் காற்றுகளுக்கும் பெயர் சொல்லி, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும் என்று கால் மணி நேரம் அவளுக்குப் பாடம் எடுத்தார்.

இப்போது, “வாடை” என்றார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “காத்துன்னா காத்துதான். பேர் வெச்சா கூப்புடறோம்?”

மிருதுளா திரையில் ‘ஏற்கத்தக்கது’ என்பதைத் தொட்டாள். ‘ஏற்கத்தகாதது’ என்று ஒரு பொத்தானே அதில் இல்லை.

*

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்தது யவனபுரி என்ற சண்டை அரங்கம். ஒரு காலத்தில் ரோமாபுரி வணிகர்கள் மணியும் துணியும் வாங்க வந்துபோன கரை. அவர்கள் இங்கே அரங்கம் கட்டியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்ததாக நிறுவனம் சொல்லிக்கொண்டது.

எல்லாம் அசல் ரோமானிய முறைப்படி என்பது விளம்பரம். அதற்காகவே திருவேங்கடநாதன் என்ற ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியரை ஆலோசகராக வைத்திருந்தார்கள். வீரர்களுக்கு ரோமில் வாற்கோதுமைக் கஞ்சிதான் உணவு என்றார் அவர். ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வீரர்கள் தட்டைக் கவிழ்த்ததும் அது கேழ்வரகுக் கூழாகி, கூடவே நெத்திலிக் கருவாடும் வந்தது. கீழே விழுந்தவன் உண்மையிலேயே செத்துவிட்டானா என்று சம்மட்டியால் தட்டிப் பார்க்க, ரோமில் பாதாள தேவன் வேடமிட்ட ஒருவன் வருவான் என்றார். அவனையும் கொண்டுவந்தார்கள். கூட்டத்துக்கு அவன் யாரென்று புரியவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து கூத்துக்கட்டும் ஒருவர் கரிய எமனாக வந்து பாசக்கயிறு வீசுகிறார். பலத்த கைதட்டல் அவருக்குத்தான்.

சாவு மட்டும் அசலாக இருந்தது.

விபத்தில் இறந்தவர்களுக்காகக் கண்டுபிடித்த முறை அது. உடம்பைத் தைத்துவிடலாம், இரத்தம் ஏற்றலாம், இதயத்தை ஓட்டலாம். சேதமான மூளைக்கு மட்டும் பழைய நகலை ஏற்றியாக வேண்டும். வீரர்களுக்கு நகல் எடுப்பது வெள்ளிக்கிழமை காலையில். சண்டை ஞாயிறு மாலையில். தோற்றவன் வெள்ளிக்கிழமைக் காலை ஆளாகவே எழுந்திருப்பான். தோற்றது அவனுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் அடுத்த முறை களத்தில் இறங்க மாட்டான். அதற்காகத்தான் மிருதுளாவும் அவளுடைய மூன்று வாக்கியங்களும்.

ஆக, யவனபுரியில் இதுவரை எந்த வீரனும் தோற்றதில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இத்தனைக்கும் அவர்களுக்கு முறை தெரியும். எதிராளியைத் தங்கள் கையாலேயே கொன்றிருக்கிறார்கள். புதன்கிழமை அதே ஆள் கூழ் வரிசையில் வந்து நின்று, ‘ஞாயித்துக்கெழம உன்ன எப்புடிச் சாய்ச்சேன், பாத்தியாடா’ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு நடந்தது தனக்கும் நடந்திருக்கலாமே என்று ஒருவனாவது யோசிக்க வேண்டாமா என்று மிருதுளா ஆரம்பத்தில் வியந்தாள். பிறகு வியப்பதை விட்டுவிட்டாள். அடுத்தவன் சாவான் என்பதை நம்ப எந்த மனிதனுக்கும் சிரமம் இருந்ததில்லை.

ஆரோக்கியத்துக்கு மீன் கொண்டை வைத்த தலைக்கவசமும் பெரிய கேடயமும் கொடுத்திருந்தார்கள். கடலில் வலை வீசியவருக்கு வலைக்காரன் வேடம் கொடுக்காமல் மீன் வேடம் கொடுத்ததற்குக் காரணம் அவருடைய தோள் அகலம்தான். வலையும் சூலமும் ஞானவேலுவுக்குப் போயின. அவன் திண்டிவனத்தில் பேருந்து நடத்துனராக இருந்தவன். அவன் வலை வீசுகிற அழகை ஆரோக்கியத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“டேய், சோறு பெசையற மாரி புடிக்காதடா. ஓரத்துக் குண்டப் பல்லுல கவ்வு. இடுப்பத் திருப்பு. கையில இல்லடா வீச்சு, இடுப்புல இருக்கு.”

ஞானவேலு நன்றாகவே கற்றுக்கொண்டான். போன ஞாயிறு அந்த வலைதான் மீன் கொண்டையில் மாட்டி ஆரோக்கியத்தை மண்ணில் சாய்த்தது.

*

“ரோம்ல இப்படி இல்ல” என்றார் பேராசிரியர், ஊழியர் உணவகத்தில். அவர் எந்தப் பேச்சையும் இப்படித்தான் தொடங்குவார்.

“ஆரம்பிச்சுட்டாரு” என்றார் மேலாளர் சத்தியசீலன். முன்பு ஒரு பெரிய வணிக வளாகத்தை நிர்வகித்தவர். “சொல்லுங்க சார். ரோம்ல டீக்கு எவ்ளோ சக்கரை போடுவாங்க?”

“ரோம்ல சக்கரையும் இல்ல, டீயும் இல்ல. நான் அதைச் சொல்லல. தோத்தவன் அங்க ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். போதும், விட்டுடுங்கன்னு அர்த்தம். பல தடவை விட்டுடுவாங்க. ஜனங்களே விடச் சொல்லிக் கத்துவாங்க.”

“அவ்ளோ நல்லவங்களா?”

“நல்லவங்க இல்ல. ஒருத்தனைத் தயார் பண்ண வருஷக்கணக்கா ஆகும். அவன் செத்தா, விளையாட்டு நடத்துறவன் அவனோட எஜமானுக்கு நஷ்டஈடு குடுக்கணும். அதனால மனசு இரங்குவான்.”

“அது கருணை இல்ல சார், கணக்கு.”

“கணக்குன்னே வெச்சுக்குங்க. உயிர் மிஞ்சுச்சா இல்லியா? இங்க ஒருத்தனையாவது விட்டிருக்கோமா?”

விட்டிருந்தார்கள். திறந்த புதிதில் கூட்டம் எழுந்து நின்று, ‘விட்டுடு! விட்டுடு!’ என்று கதறியது. பண்ருட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் களத்துக்குள் இறங்கவே பார்த்தார். சில வாரங்களில், விழுந்தவன் எப்படியும் செவ்வாய்க்கிழமை எழுந்துவிடுகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் தொண்டையை அதற்காக வீணாக்கவில்லை. இப்போது ‘முடி! முடி!’ என்பதுதான் கோஷம். அப்போது குழந்தைகளின் கண்களைப் பொத்திய தாய்மார்கள் இப்போது நன்றாகத் தெரியட்டும் என்று அவர்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தயிர்சாதப் பொட்டலம் மடியில் இருக்கும்.

“திரும்பி வர்றவனுக்கு எதுக்கு சார் கருணை?” என்றார் சத்தியசீலன். “டாட்டா சொன்னா போதாதா?”

பேராசிரியர் மிருதுளாவின் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்ற?” என்றார்.

அவள் டீயைப் பார்த்தபடி, “திரும்பி வர்றப்போ கொஞ்சம் குறைஞ்சு வர்றாங்க சார்” என்றாள்.

“எல்லாம் ஏற்கத்தக்க அளவுலதான். அதுக்குத்தானே ஒருத்தனுக்குப் பத்து தடவைன்னு சர்க்கார் வரம்பு வெச்சிருக்கு?” என்றார் மேலாளர்.

*

பேராசிரியரின் ஆலோசனைகளில் மாறாமல் நிலைத்தது வெள்ளிக்கிழமை விருந்து. ரோமில், களத்தில் இறங்கப் போகிறவர்களுக்குச் சண்டைக்கு முன் பொது இடத்தில் பெரிய விருந்து வைப்பார்களாம். ஊர் ஜனம் சுற்றி வந்து, அவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்குமாம். சிலர் கைக்கு வந்ததைத் தின்பார்களாம். சிலர் தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். சிலர் தங்கள் குடும்பத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அழுவார்களாம்.

யவனபுரியில் யாரும் அழவில்லை. மட்டன் பிரியாணி. வீரர்கள் நீளமேசையில் உட்கார்ந்து சாப்பிட, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே படம் பிடித்தார்கள். குடும்பத்தினர் மட்டும் உள்ளே போய் அரை மணி நேரம் பக்கத்தில் இருக்கலாம். மற்ற நாட்களில் சந்திப்பு கிடையாது, போன் கிடையாது. நடந்ததை வீரனிடம் சொல்லிவிடும் உறவினருக்குப் பிறகு எப்போதும் அனுமதி இல்லை. மேளச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. நிறுவனம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குடும்பத்தினர் பக்கத்தில் இருந்தால் படம் நன்றாக வருகிறது.

மிருதுளாவுக்கு விருந்தில் ஒரு மூலையில் வேலை. வீரர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அவர்களுடைய நாடித் துடிப்பு அவள் கையிலிருக்கும் திரையில் ஓடும். மாரடைப்பு வந்து வெள்ளிக்கிழமையே யாராவது செத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் குறையும்.

பிலோமினாவை அவள் கவனித்தது அப்படித்தான். மீன் இறங்குதளத்தில் ஐஸ் உடைக்கிற கை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் எலும்பை ஒதுக்கிக் கொடுத்து, ஊர்க்கதை சொல்லிச் சிரிப்பாள். நேரம் முடியப் போகும்போது குனிந்து அவர் காதில் ஏதோ சொல்வாள். அவள் கை அவருடைய முதுகில், விலாவுக்குக் கீழே, சட்டைக்கு மேலாகவே எதையோ தடவிக் காட்டும். அங்கே ஒரு தையல் இருப்பது மிருதுளாவுக்குத் தெரியும். அந்த நொடியிலிருந்து திரையில் ஆரோக்கியத்தின் எண் ஏறும். ஏறியது இறங்காது. பிறகு அவர் ஒரு பருக்கைகூடத் தொட மாட்டார்.

அவள் சொல்லிவிடுகிறாள் என்று மிருதுளாவுக்குப் புரிந்தது. மேலாளரிடம் தெரிவிப்பது அவள் கடமை. அவள் தெரிவிக்கவில்லை.

பிலோமினா என்ன நினைத்துச் செய்கிறாள் என்பதையும் அவளால் ஊகிக்க முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆரோக்கியம் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார். தோற்காதவர் ஏன் விட்டுவிட்டுப் போவார்? அவருக்கு உண்மை தெரிய வேண்டும், தெரிந்தது மறக்காமலும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சொன்னதை அவர் மறக்காமல் இருக்க ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெயிப்பது. ஒரு முறையாவது ஜெயிப்பார், ஞாபகம் இருக்கும், வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மனைவியின் நம்பிக்கை அதுதான் என்று மிருதுளா நினைத்தாள்.

ஆனால் அவர் ஜெயிக்கவில்லை. அதாவது, அந்த ஞாயிறுகளில் ஜெயிக்கவில்லை. இளையவளுக்கு அம்மை போட்டு பிலோமினா வர முடியாத வாரம் ஜெயித்தார். புயலில் சாலை அடைபட்டு யாருடைய குடும்பமும் வராத வாரம் ஜெயித்தார். அவள் வந்து குனிந்து பேசிய வாரங்களில் எல்லாம் கேடயத்தைச் சீக்கிரமே உயர்த்தினார். முன்னால் போக வேண்டிய இடத்தில் பின்னால் போனார்.

தற்செயலாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். அறிவியல் படித்தவள் அப்படித்தான் நினைக்க வேண்டும். எட்டு முறை தற்செயலாக நடக்கும் என்று நினைக்க அவள் படித்த அறிவியல் இடம் தரவில்லை.

ஒரு நாள் பேராசிரியரிடம் சுற்றிவளைத்துக் கேட்டாள். “சார், ரோம்ல அவங்களுக்கு எல்லாம் தெரியும் இல்லியா? செத்துடுவோம்னு. தெரிஞ்சும் எப்படி அவ்ளோ நல்லா சண்டை போட்டாங்க?”

“தெரிஞ்சு பழக அவங்களுக்கு நாள் இருந்ததும்மா. பயிற்சிக்கு வந்த அன்னைக்கே தெரியும். வருஷக்கணக்கா அந்தப் பயத்தோட தூங்கி, எழுந்து, கஞ்சி குடிச்சு, கூட இருந்தவனை அடக்கம் பண்ணி... கடைசியில பயமும் ஒரு ஆயுதமாயிடும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒருத்தனுக்கு அதைச் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை களத்துல இறக்கிவிட்டா, அவன் வெறும் பயந்த மனுஷன்.” பிறகு அவளைக் கூர்ந்து பார்த்தார். “ஏன் கேக்கற?”

“சும்மாதான் சார்.”

*

ஆரோக்கியத்தின் அடுத்த சண்டைக்கான வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கே குடும்பத்தினர் வரிசை மூங்கில் தடுப்புக்குள் நின்றது. பிலோமினா கடைசியில் நின்றாள். புதுச்சேலை. காலில் மணல்.

மிருதுளா காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் பக்கத்தில் போனதும் மறந்துபோனது.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

“இன்னா தங்கச்சி? உள்ள உடமாட்டாங்களாமா?”

“விடுவாங்க. நான்... நீங்க அவர் காதுல என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்.”

பிலோமினாவின் முகம் இறுகியது. “யாராண்ட சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லல.”

“சொல்லிடாத. உனுக்குப் புண்ணியமாப் போவும். எனுக்கு இந்த அர மணி நேரந்தான் இருக்குது.”

“சொல்லமாட்டேன் அக்கா. ஆனா இன்னைக்கு நீங்க அவர்கிட்ட சொல்லாதீங்க.”

“ஏன்?”

மிருதுளா சுற்றிலும் பார்த்தாள். முன்னால் நின்றவர்கள் மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். பட்டையைப் பற்றி, ஏறி இறங்காத எண்ணைப் பற்றி, அம்மை போட்ட வாரத்தைப் பற்றி, புயல் வாரத்தைப் பற்றி.

“நீங்க சொல்ற அன்னைக்கெல்லாம்தான் அவர் தோக்குறார் அக்கா. உங்களைக் குத்தம் சொல்லல. பயம் வந்துடுது. தோத்ததும் நீங்க சொன்னது அழிஞ்சுபோயிடுது. மறுபடி வந்து மறுபடி சொல்றீங்க.”

“ம்.”

“எழுப்புற ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு குறைஞ்சுபோகுது. காத்துக்குப் பேர் கேட்டா இப்ப ஒண்ணுதான் சொல்றார்.”

“ஒண்ணு சொல்றாரா? எது?”

“வாடை.”

“வாட ஒண்ணு தெரிஞ்சா போதும். மீதிய நான் சொல்லிக்குடுப்பேன்” என்றாள் பிலோமினா. “சின்னவ பேரு?”

“யோசிச்சுச் சொன்னார்.”

பிலோமினா தடுப்பின் மூங்கிலை நகத்தால் கீறினாள்.

மிருதுளா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “இன்னைக்கு வெறும ஊர்க்கதை பேசிட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஜெயிப்பார். ஜெயிச்சா எதுவும் அழியாது. திங்கக்கிழமை காலையில நானே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும்.”

பிலோமினா முதன்முறையாக அவளை நன்றாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. கேலிச் சிரிப்பு இல்லை.

“கொழந்தையா இருக்கியே. ஜெயிச்சவன் நம்புவானாடி? புயல் வந்த மாசம் ஜெயிச்சாரில்ல? மறுநா வேலியாண்ட வந்து நின்னேன். காவலுக்கு இருந்தது எங்கூரு ஆளு, கேக்காத மாரி திரும்பிக்கினான். ‘யோவ், நீ இதுவரிக்கும் எத்தினி தடவ செத்த தெரியுமா’ன்னேன். சிரிக்கிறாரு. ‘ஞானவேலு பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு பதிலா எங்கிட்ட சொல்றியா’ங்கிறாரு. ‘முதுகுல தையல் இன்னாய்யா’ன்னா, ‘வேல கத்துக்கிறப்போ கிழிச்சுக்கினது’ங்கிறாரு.”

“இங்க மட்டும் எப்படி நம்புறார்?”

“அங்க பாரு.” கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார்கள். “அத்தினி பேரு சுத்தி நின்னு ஒரு மனுஷன் சோறு துன்றத வேடிக்க பாத்தா, அவனுக்கே உள்ளுக்குள்ள ஏதோ தட்டும். அப்போ சொன்னா நம்புவான். இந்த அர மணி நேரம் உட்டா வேற எப்பவும் நம்பமாட்டான்.”

மிருதுளாவுக்குக் குழப்பமாக இருந்தது. “சரிக்கா. ஆனா நம்பினா தோத்துடுறாரே. தோத்தா மறந்துடுறார். அதைத்தானே நான் சொல்றேன். உங்களுக்குப் புரியலியா?”

“புரியாம இன்னா.”

“அப்ப?”

“மொதத் தடவ அவராத்தான் தோத்தாரு. நான் வூட்ல உழுந்து பொரண்டேன். ரெண்டாவது தடவ தாங்க முடியாம சொல்லிட்டேன். சொல்லி அழுதேன். நீ இப்ப சொன்னியே, அந்த மாரிதான் நானும் நெனச்சேன். தெரிஞ்சா உட்டுட்டு வந்துடுவாருன்னு. ஞாயித்துக்கெழம போயிட்டாரு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனுக்கு, நான் சொன்னதாலதான்னு. கையில பட்ட கட்டித்தான் தெரியணுமா? அவரு கால வெச்ச மாரியே தெரிஞ்சுது. கட்டுமரத்துல அலைக்குப் பயந்தவன் வெக்கிற காலு அது.”

கதவு திறந்தது. வரிசை நகரத் தொடங்கியது. காவலர் ஒவ்வொருவராகப் பையைச் சோதித்து உள்ளே விட்டார்.

“தெரிஞ்சுமா...” என்றாள் மிருதுளா.

பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு அடி முன்னால் வைத்தவள் திரும்பி, மேளச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கட்டும் என்று மிருதுளாவின் காதருகே குனிந்தாள்.

“ஜெயிச்சிக்கினே இருந்தாருன்னா கெழவனாவுற வரிக்கும் உடமாட்டாங்க தங்கச்சி. அவரும் வரமாட்டாரு. ஆனா பத்து தடவைக்கு மேல ஒருத்தர எழுப்பக் கூடாதுன்னு சர்க்கார் சட்டம் போட்டு வெச்சிருக்கில்ல? பத்து முடிஞ்சா கையெழுத்தே கேக்கமாட்டாங்க, வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப ஒம்போது. மொதலு அவருது, ரெண்டாவது நான் தெரியாம சொன்னது, மீதி ஏழும் நான் வேணும்னே சொல்லித் தோக்க வெச்சது. இன்னும் ஒரே ஒரு தடவ செத்தாருன்னா வூட்டுக்கு வந்துடுவாரு.”